கணக்கு இல்லாத பாடப்பிரிவு

மே 19, திங்கள்

இன்று காலை 8.40 மணிக்கு, மூன்று நாள் யோசனைக்குப் பிறகு, விலங்கியல் ஆய்வகத்து எலும்புக்கூட்டை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் வராந்தாவில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். விளைவுகளை நன்கு அறிந்தே செய்கிறேன். வரலாற்றில் இத்தகைய முடிவுகளை எடுத்தவர்கள் தேதியைக் குறித்து வைக்கத் தவறினார்கள். பின்னால் வந்தவர்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். என் விஷயத்தில் அந்தச் சிரமம் யாருக்கும் வேண்டாம் என்பதற்காகவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன்.

எலும்புக்கூடு பிளாஸ்டிக். இடது கை இல்லை. கீழ்த்தாடையைச் சணலால் கட்டியிருக்கிறேன். மற்றபடி நல்ல நிலையில் இருக்கிறது.

பதினோரு மணிக்கு வணிகவியல் ஆசிரியர் பால்துரை அதைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன சார், போன வருஷம் உங்க குரூப்புல சேர்ந்த பையனா? இன்னுமா டிசி வாங்கல?"

அறிவியல் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் வரவேற்கப்பட்டிருக்கிறது.

மே 21, புதன்

தலைமையாசிரியர் அருள்ஞானராஜ் கூட்டம் போட்டார். பின்னாளில் இதைப் படிப்பவருக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் மேல்நிலையில் அறிவியல் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இயற்பியல், வேதியியல், கணினி, கணிதம் அடங்கிய கணிதப் பிரிவு. அதில் என் மனைவி செண்பகவல்லி கணிதம் நடத்துகிறாள். இரண்டு கணித ஆசிரியர்களில் அவள் இளையவள். மற்றொன்று, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் அடங்கிய தூய அறிவியல் பிரிவு. அதில் விலங்கியல் நான். தாவரவியல் ஜெபமாலை டீச்சர்; அடுத்த மே மாதம் ஓய்வு பெறுவதால் எல்லாவற்றையும் ஒரு தாவரத்தின் அமைதியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு அறிவியலும் வேண்டாம் என்பவர்களுக்கு வணிகவியல்.

தலைமையாசிரியர் மழை பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: "தூய அறிவியல்ல போன வருஷம் ஒம்பது பேரு. இந்த வருஷம் ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி பதினஞ்சு பேரு இல்லன்னா குரூப்ப மூடிருவாங்க. ஜெபமாலை டீச்சர் எப்படியும் ரிட்டையர்டு. ஆவுடையப்பன் சார், நீங்க உபரி."

உபரி என்றால் நடத்தப் பாடம் இல்லாத ஆசிரியர். உபரிகளை வேறு ஊர்களுக்கு அனுப்புவதற்குப் பணிநிரவல் என்று பெயர். பொதுவாக நிரவுவது மண்ணை, மண்வெட்டியால்.

"பயப்படாதீங்க சார். உபரிக்குக் கலந்தாய்வுல முன்னுரிமை உண்டு. எல்லாருக்கும் முன்னாடி கூப்பிட்டு, காலியா இருக்கற எடத்துல எது வேணும்னு கேப்பாங்க."

செண்பகம் எழுந்து நின்றாள். "எந்த மாவட்டம்னாலும் எடுத்துக்கலாமா சார்?"

"எந்த மாவட்டம்னாலும் எடுத்துக்கலாம் டீச்சர்."

அவள் அதைத் தன் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டாள். என்னைப் பற்றி அவளுக்கு இவ்வளவு கவலை இருப்பது இருபத்து மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு தலைமையாசிரியர் கணிதப் பிரிவைப் பற்றியும் பேசினார். இப்போது இரண்டு வகுப்புகள் இருக்கின்றனவாம். எண்ணிக்கை அறுபதுக்குக் கீழே போனால் ஒரே வகுப்பாகிவிடுமாம். எனக்குத் தொடர்பில்லாத விஷயம் என்பதால் அந்த நேரத்தில் எலும்புக்கூட்டின் இடது கையை அட்டையில் வரைந்து முடித்தேன்.

மே 22, வியாழன்

மாறுதல் என்பதை நான் அஞ்சவில்லை. இந்த ஊர் ஒரு விலங்கியல் ஆசிரியரை இழப்பதைத்தான் அஞ்சுகிறேன். என் தேவைகள் எளியவை: காலை ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்கு இட்லி, மதியம் கூட்டு, பொரியலோடு சாப்பாடு, மாலையில் ஏதாவது. இவை எங்கும் கிடைப்பவைதான். ஆனால் வேறு ஊரில் அவற்றை யார் செய்வார் என்பது தெளிவாக இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் செண்பகத்துக்குப் பொது மாறுதலில் கோவையில் இடம் கிடைப்பதாக இருந்தது. அவள் தங்கை அங்கே இருக்கிறாள். எனக்கு அப்போது கடுமையான முதுகுவலி. அவள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அடுத்த வாரமே வலி சரியாகிவிட்டது.

இப்போது எங்கள் மகள் அபிநயா கோவையில்தான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்கிறாள். இளைய தலைமுறைக்கு உணவு விஷயத்தில் பிறரை நம்பியிருக்கும் பழக்கம் அதிகமாகிவிட்டது.

மே 24, சனி

செண்பகம் சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பால் பொங்கிவிட்டது. சேதம்: அடுப்பு, மேடை, தரை, இந்த நாட்குறிப்பில் மே 23.

மே 26, திங்கள்

விருப்பப் படிவங்களை எண்ணினோம். கணிதப் பிரிவு 74. வணிகவியல் 38. தூய அறிவியல் 6.

அறுவரில் ஒருவன் தவறுதலாகக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டதாகச் சொன்னான். தவறுகளிலிருந்துதான் உயிரினங்கள் தோன்றின என்று விளக்கி அவனை இருக்க வைத்தேன்.

ஜூலை கடைசி வரை மாணவர்கள் பிரிவு மாறிக்கொள்ளலாம். அறுபத்தாறு நாள் இருக்கிறது. ஒன்பது பேர் வேண்டும்.

மே 28, புதன்

இலவச இரத்த வகைப் பரிசோதனை நடத்தினேன். சேர்க்கைக்கு வரும் பெற்றோரை ஆய்வகத்துக்குள் இழுப்பது நோக்கம். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் முப்பத்தொன்பது பேர் எதிரே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டைச் சேர்ந்தவர்கள். லைசென்ஸில் எழுத வேண்டுமாம். தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, "சார், இது ஸ்கூலு" என்றார்.

புதிதாகச் சேர்ந்தவர்: யாருமில்லை. டெட்டால் தீர்ந்தது.

மே 29, வியாழன்

ஒரு துண்டறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். பூமியில் உயிர் தோன்றியதில் ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் முதுகெலும்பிகளுக்கு வந்து, நான்காம் பக்கக் கடைசியில் எங்கள் பள்ளி அலுவலகத் தொலைபேசி எண்ணில் முடிகிறது. ஒரு பாய்ச்சல் கூட இல்லாத வாதம்.

செண்பகம் மாவு அரைத்துக்கொண்டே படித்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு, என் பேனாவை வாங்கி, நான்கு பக்கத்தையும் குறுக்கே அடித்து, அடியில் ஒரு வரி எழுதினாள்:

*இந்தப் பிரிவில் கணக்கு கிடையாது.*

"என்ன இது?" என்றேன்.

"உண்மைதான? பெருசா எழுதி வைங்க."

"நீ கணக்கு டீச்சர். ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"நல்ல மனுசின்னு சொல்லுவாங்க. எழுதுங்க. சேப்பு மையில எழுதுங்க."

தன் பாடத்தையே எனக்காக விட்டுக்கொடுக்கிறாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஃபிரிட்ஜ் கதவில் செண்பகம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். மேலே 74 என்று எழுதியிருக்கிறது. அடியில் 59 என்று எழுதிச் சிவப்புக் கட்டம் கட்டியிருக்கிறது. நடுவில் காலி இடம்.

எடை குறைக்கப் போகிறாள் என்று புரிந்துகொண்டேன். 74 என்று நான் நினைத்திருக்கவில்லை. பெண்களிடம் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. அவள் முயற்சிக்குத் துணையாக, மாலையில் அவள் பங்கு உளுந்த வடையையும் நானே சாப்பிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

பதாகை தொங்குகிறது. எலும்புக்கூட்டின் அட்டைக் கை அதைச் சுட்டிக் காட்டும்படி அமைத்திருக்கிறேன். பத்தரை மணிக்கு, தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு அம்மாள் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மகனுக்கு மீசை இருந்தது.

"சார், கணக்கு கெடையாதுன்னு போட்டிருக்கு. நெசமா?"

"நெசந்தாம்மா."

"கொஞ்சங்கூடக் கெடையாதா?"

"கொஞ்சங்கூட."

"இவன் ஏழாம் வாய்ப்பாட்டச் சொல்லச் சொன்னாலே வயித்த வலிக்குன்னு படுத்துருவான் சார். இத்தன நாளு இந்தப் படிப்ப எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அறிவியல் வரலாற்றில் இதைவிட நியாயமான கேள்வி கேட்கப்பட்டதில்லை. படிவத்தை நீட்டினேன்.

மகன் மெதுவாகக் கேட்டான்: "சார், பிசிக்ஸ்ல கணக்கு வரும்னு சொல்றானுங்களே?"

இயற்பியலில் கணக்கு உண்டா என்பதை இயற்பியல் ஆசிரியரிடமிருந்து தெரிந்துகொள்வதே முறை. அவனிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மாலைக்குள் ஐந்து பேர். நான்கு பேர் கணிதப் பிரிவிலிருந்து, ஒருவன் வணிகவியலிலிருந்து. மொத்தம் 11. பால்துரை தன் மேஜைக்கு மேல், 'இந்தப் பிரிவில் கணக்கும் கிடையாது, அறிவியலும் கிடையாது' என்று எழுதி ஒட்டினார். இரண்டு பெற்றோர் வந்து, அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டதும் கிழித்துவிட்டார்.

ஃபிரிட்ஜில் 74 அடிக்கப்பட்டு 70 என்று இருக்கிறது. நான்கு நாளில் நான்கு கிலோ. ஒரு விலங்கியலாளன் என்ற முறையில் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பதினைந்து! பிற்பகல் 2.15. பதினைந்தாவது மாணவன் பெயர் உச்சிமாகாளி. கை குலுக்கினேன். அவன் பயந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை.

"பதினஞ்சு எப்படிங்க போதும்? ரெண்டு பேருக்கு பாலிடெக்னிக்ல எடம் கெடைக்கும், ஓடிருவானுங்க. ஒருத்தன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருவான். ஒருத்தன் அப்பாகூடச் சண்டை போட்டுட்டு ஊர விட்டே போயிருவான். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி பதினொண்ணு இருக்கும். அப்ப என்ன செய்வீங்க?"

"அப்போ எத்தனை வேணும்ங்க?" என்று, பதற்றத்தில் அவளை நான் 'ங்க' போட்டுக் கேட்டுவிட்டேன்.

"கணிதப் பிரிவுலருந்து இன்னும் ஒரு எட்டுப் பேரு. வணிகவியல்லருந்து வேண்டாம். பால்துரை சார் பாவம்."

பால்துரை மீது கூட இரக்கம். ஃபிரிட்ஜில் 67.

ஜூன் 13, வெள்ளி

செண்பகம் கணிதப் பிரிவில் ஒரு சிறு தேர்வு வைத்திருக்கிறாள். பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் இரண்டு பையன்கள் விடைத்தாளைக் கையில் பிடித்தபடி நேராக என் ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

"டீச்சர்தான் சார் அனுப்புனாங்க."

"என்ன சொல்லி அனுப்புனாங்க?"

"எனக்கு நல்ல மனசாம் சார். விலங்கியலுக்குப் போன்னாங்க."

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் சொல்லல சார். தாளப் பாத்தாங்க, உங்க ரூமக் காட்டுனாங்க."

விடைத்தாளைப் பார்த்தேன். நூற்றுக்கு நான்கு. அதிலும் இரண்டு, பெயரைச் சரியாக எழுதியதற்காக இருக்கலாம். மொத்தம் 17.

ஜூன் 17, செவ்வாய்

அபிநயா தினமும் மாலையில் போன் செய்கிறாள். முன்பெல்லாம் மாதம் ஒரு முறை என்னோடு பேசுவாள். அதுவும் அம்மாவின் போனை நான் தவறுதலாக எடுத்துவிட்டால். இப்போது முதல் கேள்வியே, "அப்பா, உங்க குரூப்புல இன்னைக்கு எத்தன பேரு ஆச்சு?"

"பதினெட்டும்மா."

"சூப்பர்ப்பா! இன்னும் புடிங்க!"

விலங்கியலில் அவளுக்கு ஆர்வம் வர இருபது ஆண்டுகள் ஆகியிருக்கிறது. பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். செண்பகம் மாடிக்குப் போய்ப் பேசினாள். மோட்டார் போடப் போனபோது, "ரெண்டு ரூமு போதும்டி, ஒங் காலேஜுக்குப் பக்கத்துலயே பாரு" என்றது காதில் விழுந்தது. விடுதி மாறப் போகிறாள் போலிருக்கிறது.

தொட்டி நிரம்பி வழிந்தது.

ஜூன் 23, திங்கள்

இருபது. தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், போதும்னு நெனைக்கேன். கணக்குப் பக்கம் கொறஞ்சுக்கிட்டே போவுது. ஒங்க வீட்டம்மா பாடம் சார் அது."

"அவங்களேதான் சார் அனுப்புறாங்க."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்குவீங்கள்ல?" என்று கேட்டார்.

நன்றாகப் பேசிக்கொள்வோம் என்று சொன்னேன். இன்று காலைகூட சட்னியில் உப்பைப் பற்றிப் பேசினோம்.

ஃபிரிட்ஜில் 62. ஆளைப் பார்த்தால் அப்படியேதான் தெரிகிறாள். எடை பார்க்கும் இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம். வீட்டில் அப்படி ஒரு இயந்திரம் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மருந்துக்கடையில் பார்க்கிறாள் போலும்.

ஜூலை 4, வெள்ளி

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

இருபத்தொன்றில் இருக்கிறேன். இரண்டாம் பாடவேளை முத்துமீனா என்ற பெண் வந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. என் பிரிவில் சேர வேண்டும் என்றாள். காரணம் கேட்டேன். அவளுடைய சேக்காளி மூன்று பேரும் இங்கே வந்துவிட்டார்களாம்; அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம்.

தொண்ணூற்றெட்டு என்பது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இருபத்திரண்டு என்பது இருபத்தொன்றைவிடப் பெரிது. கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துக்கொண்டேன். மதியம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். செண்பகம் எழுந்து ஃபிரிட்ஜில் 60 என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றாள்.

"யாரு பேரு சொன்னீங்க?"

"முத்துமீனா."

தட்டைக் கழுவாமலே பள்ளிக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். ஆய்வக வாசலில் அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துக் கேட்டாள்:

"ஏட்டி, நீ எதுக்கு இங்க வந்த?"

"தனியா இருக்கேன் டீச்சர்."

"நான் காலேஜுல கணக்கு சேந்தப்போ கிளாஸ்ல நான் ஒரே பொட்டப்புள்ள. மூணு வருசம். செத்தா போயிட்டேன்?"

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

அந்தப் பெண் அழுதாள். செண்பகம் தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, என் மேஜையிலிருந்த படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"சார், இவ வேண்டாம். மத்தவங்களெல்லாம் எடுத்துக்கிடுங்க. இவளத் தொடாதீங்க."

பள்ளியில் நாங்கள் ஒருவரை ஒருவர் சார், டீச்சர் என்றுதான் அழைப்போம். இன்று அவள் 'சார்' என்றபோது வேறு யாரையோ கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

மாலையில் ஃபிரிட்ஜில் 60 அடிக்கப்பட்டு, மறுபடி 61. மதியம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவளுக்கு எப்படி ஒரு கிலோ ஏறியது என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. மாட்டுவது எப்படி என்று செண்பகம் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எதற்கு என்றேன். சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க என்றாள்.

ஜூலை 10, வியாழன்

அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தாள். இதுவும் சும்மாதான்.

ஜூலை 15, செவ்வாய்

இருபத்து மூன்று. ஃபிரிட்ஜில் 59.

செண்பகம் கேசரி செய்தாள். முந்திரி, நெய், எல்லாம் தாராளமாக. இவ்வளவு பாடுபட்டுக் குறைத்துவிட்டு அன்றைக்கே கேசரி சாப்பிடுவது விவேகமில்லை என்று நினைத்தேன். ஆனால் அவள் பாடிக்கொண்டே கிளறினாள். அவள் பாடி நான் கேட்டுப் பல வருடம் ஆகிறது. ஆகவே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"இலக்கை அடைஞ்சுட்ட போலிருக்கே" என்றேன், ஃபிரிட்ஜைப் பார்த்து.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "பாத்தீங்களா அத?"

"முதல் நாள்லருந்தே பாக்கறேன். கேக்க வேண்டாம்னு இருந்தேன். உன் சொந்த விஷயம்."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? உடம்புக்கு நல்லதுதானே."

அவள் கண் கலங்கியது. ஏலக்காய் நெடியாக இருக்கலாம். இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். கணிதப் பிரிவிலிருந்து ஒருவன் மூன்றரை மணிக்கு ஓடி வந்து சேர்ந்தான். 24. பள்ளியின் வரலாற்றில் தூய அறிவியல் பிரிவு இவ்வளவு பேரைக் கண்டதில்லை என்று ஜெபமாலை டீச்சர் சொன்னார். பெஞ்சு போதவில்லை என்றும் சொன்னார்.

எலும்புக்கூட்டை மரியாதையுடன் அலமாரிக்குத் திருப்பி அனுப்பினேன். அட்டைக் கையை நினைவாக வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எண்ணிக்கை எடுத்து அனுப்பினார்கள். ஓடிப் போவான் என்று எதிர்பார்த்த ஒருவனும் ஓடவில்லை. உச்சிமாகாளி காய்ச்சலோடு வந்திருந்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைமையாசிரியர் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தார்.

"தூய அறிவியல் இருபத்து நாலு. பிரிவு தொடரும். ஆவுடையப்பன் சார், ஒங்க போஸ்ட் தப்பிச்சிருச்சு. வாழ்த்துகள்." கை தட்டினார்கள். பால்துரை எழுந்து நின்று தட்டினார். நான் நான்கு வார்த்தை பேசுவதற்காக எழுந்தேன்.

"ஒரு நிமிசம் சார், இன்னும் இருக்கு. கணிதப் பிரிவு அம்பத்தெட்டு. அறுவதுக்குக் கீழங்கறதால ஒரே வகுப்பு. கணித ஆசிரியர் ஒருத்தர் உபரி. இளையவங்க…" இங்கே தலைமையாசிரியர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செண்பகவல்லி டீச்சர்."

ஐம்பத்தெட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்து எண்ணை எங்கோ பார்த்த நினைவு.

நான் நின்றுகொண்டே இருந்தேன். "சார், பேசப் போறீங்களா?" என்று பால்துரை கேட்டார். இல்லை என்று உட்கார்ந்தேன்.

கலந்தாய்வுக்கான படிவத்தைத் தலைமையாசிரியர் நீட்டினார். செண்பகம் தன் பையிலிருந்து ஏற்கெனவே நிரப்பிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மாலையில் கேட்டேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முதல்லயே தெரியுமா?"

"நான் கணக்கு டீச்சருங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லாமயா இருந்தேன்? ரெண்டு மாசமா ஃபிரிட்ஜுல எழுதி ஒட்டியிருந்தேன். கேசரி அன்னைக்கு, பாத்தேன், வருத்தமில்லன்னு சொன்னது யாரு?"

இதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

"கோயம்புத்தூர் ரொம்ப தூரம், செண்பகம்."

அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமாக இல்லை. பையன்களிடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்க்கும் பார்வை.

"எட்டு வருசத்துக்கு முன்னாடி முதுகுவலின்னீங்க. இப்ப முதுகு எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"அப்போ சரி. லீவு நாள்ல வாங்க. பஸ்ஸுல ஒக்காந்து வரலாம்."

மீதி அவரைக்காயை நான் நறுக்கினேன். ஒரே அளவில் வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கலந்தாய்வு. துணைக்குப் போனேன். செண்பகம் முப்பது வினாடியில் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அபிநயாவின் கல்லூரியிலிருந்து அந்தப் பள்ளி நடந்து போகும் தூரம். மேஜையில் இருந்தவர், "உபரின்னு வர்றவங்க வழக்கமா அழுவாங்க மேடம்" என்றார்.

"அழணுமா சார்?" என்றாள்.

வேண்டியதில்லை என்று அவர் முத்திரை குத்தினார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை 5.40 பேருந்து. இரண்டு பெட்டி, ஒரு கிரைண்டர். கிரைண்டரை நான் தூக்கி ஏற்றினேன். முதுகு ஒன்றும் செய்யவில்லை. முத்துமீனா அவள் அம்மாவோடு வழியனுப்ப வந்திருந்தாள். செண்பகம் அவளிடம் ஒரு நோட்டுக் கட்டைக் கொடுத்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் இந்த முறை அழவில்லை.

பேருந்து நகர்ந்ததும் செண்பகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரெண்டரைப் பங்கு!" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். ஃபிரிட்ஜில் பழைய தாள் இல்லை. அந்த இடத்தில் வேறு தாள்: மோட்டார் எத்தனை நிமிடம், கேஸ் பதிவு செய்யும் எண், காபிக்கு எத்தனை ஸ்பூன். எல்லாம் வரிசை எண்ணிட்டு, கேள்வித்தாள் போல. கடைசி வரியில், 'விடைகளைச் சரிபார்க்க மாலை ஏழு மணிக்கு மேல் போன் செய்யவும்.'

ஆகஸ்ட் 25, திங்கள்

இருபத்து நான்கு பேரும் வந்திருந்தார்கள். மண்புழு நடத்தினேன்.

பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொன்னேன்.